ராமாத்தாள் நங்கையின் மருந்து டப்பா

செய்தி வந்த வெள்ளிக்கிழமை காலையில் நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் கணவர் பழனிசாமி, நான், எங்கள் மகள் செல்வி, நெல் புடைக்க வந்திருந்த மாராத்தாள், செய்தியைக் கொண்டுவந்த லாரி டிரைவர் குட்டன். யார் எங்கே இருந்தார்கள் என்பதுகூட மறக்கவில்லை. கணவர் இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். செல்வி பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மாராத்தாள் களத்துப் பக்கம் முறத்தோடு நின்றாள். நான் கணவருடைய காலை மருந்தை, ஒரு வெள்ளை மாத்திரையும் உள்ளே எண்ணெய் உள்ள ஒரு உருண்டையும், உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன்.

குட்டன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னார்.

"ராமாத்தா அம்மா போயி. தோப்பிலே வெச்சு. லோடு ஏத்திட்டிருந்தோம், மரத்தடியில உக்காந்தாங்க. அவ்வளவுதான்."

கணவர் குட்டனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, "அதையக் கொண்டுபோயி உள்ள வை" என்றார்.

இன்றோடு இருபது நாளாகிறது. அவர் அந்த மருந்தைத் தொடவில்லை. அக்கா ராமாத்தாளும் தம்பியான இவரும் ஒரே நாளில், ஒரே டாக்டரிடம் ஆரம்பித்த மருந்து அது. ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் நிறுத்திவிட்டார். நம் மாதர் சங்கத்து இதழில் நங்கையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் பயத்தை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் கணவருடைய அக்காவை நங்கை என்போம். ராமாத்தாள் நங்கை அவர்களைத் தெரியாதவர்கள், அவருடைய மாந்தோப்பு இருக்கும் முதலமடையில் குறைவு. முப்பத்து மூன்று வயதில் கணவரை இழந்தார். பிள்ளைகள் இல்லை. தோப்பை விற்றுவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். "மரம் என்ன, என்னையக் கேட்டுட்டா காய்க்குது? காய்க்கறதப் பறிச்சு ஏத்தறதுக்கு எனக்குக் கையில்லையா?" என்று கேட்டவர் அவர். மாட்டுச் சந்தையில் ஆண்கள் செய்வதுபோல், துண்டுக்கு அடியில் கை கொடுத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார். துண்டுக்குள் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கத் தயங்கிய புது வியாபாரி ஒருவரிடம், "கூச்சப்படாதீங்க, நா ஒண்ணும் தாலி கேக்கல, வெலைதான் கேக்கறேன்" என்றாராம். அந்த வியாபாரி அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் வேறு தோப்புக்குப் போகவில்லை.

நான் கல்யாணமாகி வந்தபோது இரண்டாம் வகுப்புவரைதான் படித்திருந்தேன். காலண்டர் தாளிலும் கோயில் நோட்டீசிலும் எழுத்துக் கூட்டி நானே படித்துக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்துக்களை மருந்துப் பெட்டிகளில் இருந்து கற்றேன். அதை ஏளனம் செய்யாதவர் நங்கை ஒருவர்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அம்மிணி, நீ படி, நா விக்கறேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்பார். நான் நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைப்பவள். பால் அளவு, நெல் அளவு, விரத நாள், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பதுவரை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

நங்கைக்குக் கண் இமைகளின் ஓரத்தில் மஞ்சளாகச் சின்னத் திட்டுகள் இருந்தன. பூசு மஞ்சள் ஒட்டிக்கொண்டது போல் இருக்கும். அதை நாங்கள் அழகு என்று நினைத்தோம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல், தோப்பு மேட்டில் ஏறும்போது அவர் அடிக்கடி நிற்க ஆரம்பித்தார். நின்று, அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார். "இந்தக் கிளையில எத்தன இருக்கும்னு எண்ணறேன், சித்தெ இரு" என்பார். நானும் நின்று எண்ணுவேன். காயே இல்லாத மரத்தடியில் ஒரு நாள் அப்படி நின்றார். அன்றுதான் அவர் கை நெஞ்சின் நடுவில் இருப்பதைப் பார்த்தேன்.

கோயமுத்தூருக்குப் போனோம். கணவர் துணைக்கு வந்தார். பெரிய டாக்டர் நங்கை சொன்னதைக் கேட்பதற்கு முன்பே அவர் கண்களைத்தான் பார்த்தார்.

"இந்த மஞ்சள் எத்தனை வருஷமா இருக்குதுங்கம்மா?"

"கண்ணாலமான புதுசுலயே வந்துருச்சுங்க. மகாலட்சுமி ஒட்டிக்கிட்டான்னு எங்க மாமியா சொல்லுவாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து அவருடைய குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார்.

"நாப்பத்தியொண்ணுலயே போயிட்டாருங்க. ஏரு ஓட்டிட்டிருந்தவரு அப்படியே சால்ல சாஞ்சுட்டாரு."

"கூடப் பிறந்தவங்க?"

நங்கை சுவரோரம் குடையோடு நின்ற என் கணவரைக் காட்டினார். "அதா, தம்பி நிக்கறான்."

டாக்டர் எழுந்து போய் என் கணவரின் கண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து அவர் குதிகாலையும் பிடித்துப் பார்த்தார். ஒரு நோயாளியோடு போன நான் இரண்டு நோயாளிகளோடு திரும்பினேன்.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இருவருக்கும் கொழுப்பு மிகவும் அதிகம். அது சாப்பாட்டால் மட்டும் வந்ததில்லை, குடும்பத்தில் இறங்கி வருவது என்றார் டாக்டர். இதயத்துக்கு இரத்தம் போகும் குழாயின் உள்பக்கம் படிந்து வழியைக் குறுக்குகிறது, நங்கைக்குக் குறுகியே விட்டது, தம்பிக்கு இனிமேல் என்றார். முட்டையின் மஞ்சள் கரு, ஆட்டுக்கறி, நெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப நா இனிமே வைக்கோல் திங்கறதுங்களா?" என்றார் நங்கை.

மருந்து இரண்டு. எண்ணெய் உருண்டை ஒன்று, வெள்ளை மாத்திரை ஒன்று. ஏன் இரண்டு என்று நான் கேட்டேன். கேட்டதற்கு டாக்டர் சந்தோஷப்பட்டார். "ஒண்ணு மட்டும் குடுத்தா உங்க குடும்பத்துக்குப் போதாதுங்கம்மா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியில கொழுப்பைக் குறைக்கும். வண்டிக்கு ரெண்டு மாடு கட்டுற மாதிரி வெச்சுக்குங்க. ஆனா இந்த வெள்ளை மாத்திரை போட்டா மூஞ்சி செவக்கும், எரியும், அரிக்கும். பயப்படக் கூடாது. அரை மாத்திரையில ஆரம்பிச்சு, மெதுவா மூணு வேளைக்கும் ஒவ்வொண்ணுன்னு ஏத்தணும். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும். போகப் போகச் செவக்கிறது நின்னுரும்."

"ரெண்டு மாட்டுல ஒண்ணு முட்டற மாடுன்னு சொல்லுங்க" என்றார் நங்கை. அன்றுமுதல் வெள்ளை மாத்திரைக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். "முட்டற மாட்ட அவுத்துட்டியா?" என்று தம்பியைக் கேட்பார்.

இவற்றோடு நங்கைக்கு மட்டும் ஒரு சின்னக் குப்பியும் கொடுத்தார். நெஞ்சைப் பிடித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை. அது வேறு, இது வேறு. அது அந்த நிமிஷத்துக்கு, இவை இரண்டும் வருஷக்கணக்குக்கு என்று டாக்டர் விளக்கினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். ஒரே இடத்தில் இருந்தால் தவறாது என்று நினைத்தேன்.

முதல் மாதங்களில் மாத்திரை போட்ட கால் மணிக்குள் நங்கையின் முகமும் கழுத்தும் செம்பருத்தியாகிவிடும். அதையும் அவர் வீணாக்கவில்லை. வியாபாரிகள் வரும் நேரம் பார்த்து, காலைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். அவர்கள் முதல் விலை சொல்லும்போது நங்கையின் முகம் மெதுவாகச் சிவக்கும். அம்மாவுக்குக் கோபம் ஏறுகிறது என்று பயந்து அவர்களே விலையை ஏற்றிவிடுவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். பிறகு டாக்டர் சொன்னபடியே சிவப்பது நின்றது. "மாடு பழகிருச்சு அம்மிணி. எனக்குத்தான் நட்டம்" என்றார். நான் நோட்டில் நங்கை பக்கத்தில் "சிவப்பு நின்றது" என்று எழுதிக் கோடு போட்டேன்.

இரண்டாவது சோதனையில் இருவருக்கும் கொழுப்பு குறைந்திருந்தது. டாக்டர் எங்களை மகிழ்விக்கப் பொய் சொல்லவில்லை. "கொறைஞ்சிருக்குது. இது எத்தனை வருஷம் காப்பாத்தும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. ஆனா நிறுத்தாதீங்க" என்றார்.

நிறுத்தாமல் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. சனிக்கிழமைதோறும் காலையில் கிளம்பிச் சித்தூரிலும் கொல்லங்கோட்டிலும் பஸ் மாறி முதலமடைக்குப் போவேன். வாரத்துக்கு வேண்டியதை எண்ணி டப்பாவில் வைப்பேன். அடுத்த சனிக்கிழமை நான் போகும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் குப்பியைத் தவிர டப்பாவில் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு முறை இரண்டு வெள்ளை மாத்திரைகள் மீந்திருந்தன. நான் கோபித்துக்கொண்டேன். அவரைவிடப் பதினொரு வயது சின்னவள். ஆனாலும் அவர் கையைப் பிடித்து அம்மன் படத்துக்கு முன் நிறுத்தி, இனி ஒன்றுகூட மீதி இருக்காது என்று சத்தியம் வாங்கினேன்.

தோப்பு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இருந்த வெள்ளையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நங்கை அவளிடம் சொன்னார்: "பாத்தியா புள்ளே, நா வியாதிக்குப் பயந்து முழுங்கல, இவ கணக்குக்குப் பயந்து முழுங்கறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடக் கணக்குத் தப்பவில்லை.

இந்தப் பங்குனியில் முதலமடையில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டிக் கம்பம் நட்டார்கள். அதே சமயம் தோப்புக் குடிசைகளில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை கண்டது. பெரியம்மையோ என்று ஊரெல்லாம் நடுங்கியது. சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து கேட்டுப் போனார். நங்கை அந்தக் குழந்தைகளுக்காக வேண்டிக்கொண்டு, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் மோரும் இளநீரும் மட்டும் குடித்து விரதம் இருந்தார். அந்த விரதம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருப்பேன்.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளையம்மாள் வாசலில் நின்று கையை ஆட்டினாள். நங்கை உள்ளே பாயில் கிடந்தார். முகம், கழுத்து, மார்பு, கைகள் எல்லாம் நெருப்புப் பட்டது போல் சிவந்திருந்தன. தொட்டால் கொதித்தது. எழுந்தால் தலை சுற்றியது. ஒரு முறை வாந்தியும் எடுத்திருந்தார்.

"மேலெல்லாம் தீயாட்ட எரியுது அம்மிணி."

நான் முதலில் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் நெற்றியில் கை வைப்பதற்கு முன் டப்பாவைத் திறந்து பார்த்தேன். குப்பியைத் தவிர எதுவும் இல்லை. கணக்கு சரியாக இருந்தது. மருந்து ஒழுங்காகப் போயிருக்கிறது, சிவப்பது நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, நோட்டிலும் எழுதியிருக்கிறேன். அப்படியானால் இது மாத்திரையால் வந்ததில்லை. ஊரில் அம்மை இருக்கிறது. நோம்பி சாட்டியிருக்கிறது.

"அம்மா வந்திருக்கறாளுங்க" என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

வெள்ளையம்மாள் என் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, அந்த மாத்தர..." என்று தொடங்கினாள்.

"அம்மா இருக்கற ஊட்டுல மருந்துப் பேச்சு எடுக்காத" என்று அதட்டினேன்.

நங்கை என்னையே பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் போல் வாய் அசைந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "நீ சொன்னாச் சரி அம்மிணி" என்றார்.

வேப்பிலை கட்டினோம். தாளிப்பதை நிறுத்தினோம். அம்மை கண்ட வீட்டில் மருந்து இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மூன்று தண்ணீர் ஊற்றி அம்மனை வழியனுப்பிய பிறகுதான் எதையும் தொடுவோம். நான் அந்த வாரத்து மருந்தை வைக்கவில்லை. டப்பாவையே எடுத்துத் துணியில் சுற்றி, நாக்குக்கு அடியில் வைக்கும் குப்பியோடு சேர்த்து, நல்லேப்பிள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மத்தியானத்துக்குள் சிவப்பு இறங்கிவிட்டதாகக் குட்டன் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வேப்பிலைக்கு அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்று வீட்டில் பொங்கல் வைத்தேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை என்றார்கள். அதற்கும் மகிழ்ந்தேன். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தபோது, பிடித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று, வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர் உள்ளே வந்து பார்த்திருக்கலாம். இப்போது அப்படித் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை குட்டன் வந்தார். அதைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். நான் கணவருக்கு மருந்தை நீட்டிக்கொண்டு நின்றபோது, எனக்குப் பின்னால் அலமாரியில் நங்கையின் டப்பா இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் பந்தியில் இருந்தபோது, வெள்ளையம்மாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"சொல்லாம என்னால இருக்க முடியலைங்க. சோத்துக்கு மேலதான் மாத்தர போடோணும்னு டாக்டரு சொன்னாருங்கல்ல? மூணு நாள் சோறில்ல, அதனால மாத்தரயும் போடலைங்க. சனிக்கெழம நீங்க வர்றன்னைக்கு டப்பாவப் பாத்தாங்க. அம்மிணி வந்தா எண்ணுவா, சாமிக்கு முன்னால சத்தியம் பண்ணியிருக்கறேன்னு சொல்லி, மீந்ததெல்லாம் ஒண்ணா எடுத்து, சூடா காப்பிய ஊத்திக் குடிச்சுட்டாங்க. வெறும் வகுறுங்க. ஒன்பது வெள்ள மாத்தர. நா எண்ணுனனுங்க."

அவளுக்கு எண்ணத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நங்கைதான் மாங்காய் எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அப்போது எனக்கு எல்லாம் புரிந்தது. என் கணக்கு சரியாக வர வேண்டும் என்றுதான் அவர் விழுங்கினார். கணக்கு சரியாக இருந்ததால்தான் நான் அதை அம்மை என்று சொன்னேன். அம்மை என்று சொன்னதால் டப்பாவை எடுத்துப் போனேன். நான் அம்மனைப் பழிக்கவில்லை. டப்பாவைக் கொண்டு போ என்று அவள் என் கனவில்கூட வந்து சொல்லவில்லை. அவள் பெயரைச் சொல்லி நான்தான் எடுத்தேன். இதை எழுதும்போது கோயில் மணி கேட்கிறது. கும்பிடுவதா, கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாளே செல்வியைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனேன். பெரிய டாக்டர் வெளிநாடு போயிருந்தார். எப்போது வருவார் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் இடத்தில் இருந்த இளைய டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தச் சிவப்பு மாத்திரையாலதாங்க வந்தது. விட்டுட்டுத் திடீர்னு போட்டா, அதுவும் வெறும் வயித்துல அத்தனை போட்டா, பழைய மாதிரியே வரும், இன்னும் மோசமா வரும். ஆனா ஒரு வாரம் கொழுப்பு மருந்தை நிறுத்தினதால மட்டும் ஒருத்தர் போயிருப்பாங்கன்னு சொல்ல முடியாது. அது மாசக்கணக்குல வேலை செய்யற மருந்து."

"நாக்குக்கு அடியில வெக்கறதுங்க?" என்று கேட்டேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது வேறங்கம்மா" என்றார்.

கணவரைப் பற்றிக் கேட்டேன். எண்ணெய் உருண்டையை முன்போலவே போடலாம், வெள்ளை மாத்திரையை மறுபடி பாதியில் இருந்து தொடங்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். கணவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்ற அக்கா நல்லாத்தான் இருந்துச்சு. மாத்தரயப் போட்டுத்தான் மேலெல்லாம் வெந்து போச்சு. வெந்த மேலுல நெஞ்சு மட்டும் வேகாம இருக்குமா?"

"அது ஒன்பதுங்க. வெறும் வகுத்துல. நீங்க சாப்புட்டுட்டுப் பாதிதான் போடப் போறீங்க."

"நீ சொன்னதத்தான அதுவும் கேட்டுச்சு?"

அவரே தொடர்ந்து சொன்னார்: "சின்ன டாக்டரு பேச்சு எனக்கு வேண்டாம். அக்காளையும் என்னையும் தொட்டுப் பாத்தது பெரியவரு. அவரு கையெழுத்துல எழுதி வரட்டும், முழுங்கறேன். அதுவரைக்கும் அந்த டப்பாவ என்ற கண்ணுல காட்டாத."

பெரிய டாக்டருக்கு ஆஸ்பத்திரி முகவரியிலேயே கடிதம் எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு ஓடுகிறேன்.

நங்கையின் கடைசி நிமிஷத்தை வெள்ளையம்மாள் சொன்னபடி எழுதி முடிக்கிறேன். அன்று காலையில் லாரி வந்திருந்தது. கொப்புளமே வராதபோது எத்தனை நாள் படுத்திருப்பது என்று சொல்லி, வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினாராம். மேட்டில் பாதி ஏறியதும் நின்றார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். வெள்ளையம்மாளும் பார்த்தாள். அந்த மரத்தில் முதல் நாளே பறித்து முடித்திருந்தார்கள். நங்கை மெதுவாகத் தண்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"டப்பா எங்க புள்ளே?"

"நல்லேப்பிள்ளிக்குப் போயிருச்சுங்க. அம்மிணி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"சரி. அவகிட்ட இருந்தாப் பத்தரமா இருக்கும்."

அவ்வளவுதான் பேசினாராம். முகம் மேலே மரத்தைப் பார்த்தபடியே இருந்ததாம்.

நங்கை, உங்கள் டப்பா பத்திரமாக இருக்கிறது. குப்பியில் ஒன்றுகூடக் குறையவில்லை. என்னை நீங்கள் திட்டியிருக்கலாம். "நீ சொன்னாச் சரி" என்று கண்ணை மூடியிருக்க வேண்டாம். உங்கள் தோப்பில் இந்த வருஷம் கடைசிக் காய்ப்பைக் குட்டன் ஏற்றிவிட்டார். துண்டு போட்டு விலை பேச ஆளில்லாமல் வியாபாரிகள் சொன்ன விலைக்கே போயிற்று. நீங்கள் வேண்டிக்கொண்ட இரண்டு குழந்தைகளும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். போய் வாருங்கள். உங்கள் தம்பியை மட்டும் இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலையில் கணவரோடு வயலுக்குப் போனேன். நல்லேப்பிள்ளியில் மேடு கிடையாது. வரப்பு சமமாகத்தான் இருக்கும். பாதி வழியில் அவர் நின்றார். அண்ணாந்து பனைமரத்தைப் பார்த்தார்.

"என்னங்க பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ போ, வர்றேன்" என்றார்.

அந்தப் பனையில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. நான் போகவில்லை. அவர் மறுபடி நடக்கும் வரை அங்கேயே நின்றேன். அவருக்கு இதுவரை நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதித் தரவில்லை. நங்கையின் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் பின்னாலேயே அலைகிறேன். அதை அவருக்குக் கொடுக்கலாமா என்றும் எனக்குத் தெரியாது.

பெரிய டாக்டர் அவர்கள் இதைப் பார்த்தாலும், அவரைத் தெரிந்த யாராவது பார்த்தாலும், இதய நோய் பார்க்கும் வேறு டாக்டர்கள் பார்த்தாலும் கேட்டுக்கொள்கிறேன். இருபது நாள் விட்டுப்போன மருந்தை எப்படித் தொடங்குவது, இரண்டையும் சேர்த்தா ஒன்றையா, வரப்பில் நின்றது எதனால், என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நல்லேப்பிள்ளிக்கு அனுப்புங்கள். தமிழிலோ மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கலாம், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன். பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.